ஐந்தாம் பக்கத்து நன்றியுரை

ஜனவரி 8

பருவ மடல் பொறுப்பாசிரியை அவர்களுக்கு,

தங்கள் பள்ளியின் இரண்டாம் பருவச் செய்தி மடல் கிடைக்கப் பெற்றேன். ஐந்தாம் பக்கத்தில் வெளியான செய்தி தொடர்பாகச் சில விவரங்கள் அறிய விரும்புகிறேன்.

இப்படியே முழுக் கடிதத்தையும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே கை வலிக்கிறது. உன் அண்ணன்தான் எழுதுகிறேன். மூன்று வருஷமாக உன்னோடு பேசாத அதே அண்ணன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், பிறகு எதற்கு இந்த வேஷம்.

மடலை உன் அண்ணி அனுப்பியிருந்தாள். அணை வேலை நடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. வியாழக்கிழமை சாமான் வண்டியில் வருவதுதான் தபால். நாள் முழுக்கக் கிரேன் கூண்டில், தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே கான்கிரீட் தொட்டி நிரம்பும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் படிக்க வேறு ஒன்றும் இல்லாததால், உங்கள் செஸ் குழு இரண்டாம் இடம் பெற்றதும் நூலகத்துக்கு நாலு அலமாரி வந்ததும் எனக்கு மனப்பாடம்.

அப்புறம் ஐந்தாம் பக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் வானிலை ஆய்வு மையத்துக்குக் கல்விச் சுற்றுலா போனார்களாம். கடைசி வரியில் என் மகளின் பெயர், இனிஷியலோடு. ‘நன்றியுரையைத் தெளிவான குரலில் வழங்கினார்.’

நம் கடுகா? கடைக்குப் போய் ஒரு ரப்பர் கேட்பதற்குப் பதில், தப்பாக எழுதிய பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பெண்ணா? வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டால் காது மடல் வரை சிவந்து நிற்குமே, அவளா? கீழே தொட்டி நிரம்பி விசில் அடித்திருக்கிறார்கள், எனக்குக் கேட்கவே இல்லை. மேஸ்திரி வாக்கி டாக்கியில் என் பரம்பரையையே இழுத்துவிட்டார்.

எத்தனை நிமிஷம் பேசினாள்? யாரைப் பார்த்துப் பேசினாள்? எழுதி வைத்துப் படித்தாளா? எங்கே தடுக்கியது, மற்றப் பெண்கள் சிரித்தார்களா? அவளையே கேட்கலாமே என்பாய். அவள் பேச்சைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். நீதான் கூடவே போயிருக்கிறாய், நீ சொல்.

உன் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் நடுவே அவளை எழுப்பிப் பேப்பர் வாசிக்கச் சொன்னாய். அவள் அழுதுகொண்டே தெருவுக்கு ஓடினாள். அன்று நான் உன்னிடம் கத்தியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இது உண்மையிலேயே நடந்திருக்கிறது என்றால், பாதியை வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன்

ஜனவரி 17

அண்ணா,

ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். ‘பருவ மடல் பொறுப்பாசிரியை அவர்களுக்கு’ என்று பார்த்ததும் என்னைச் சண்டைக்கு இழுக்கத்தான் எழுதியிருக்கிறாய் என்று பயந்தே போனேன். நாலாவது வரியில் அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைக் கணக்கு டீச்சர், “என்ன மிஸ், டிரான்ஸ்ஃபர் ஆர்டரா?” என்று கேட்டார். “இல்ல மிஸ், அண்ணன்” என்றேன். அவர் அதற்கும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொண்டார்.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? அறுபது மீட்டர் என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய், எனக்கு இங்கே தலை சுற்றுகிறது. மேலே காற்று பலமாக அடித்தால் கூண்டு ஆடுமா? ஏறுவதற்கு லிஃப்ட் உண்டா, ஏணிதானா?

சுற்றுலாவைக் கேட்டாய். அருமையான இடம். ஆளுயரத்துக்குக் கால் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி, ஜன்னல் சட்டம் மாதிரி நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள், உள்ளே நாலு வெப்பமானிகள். வெயில் நேராகப் படக்கூடாது, ஆனால் காற்று போய்வர வேண்டும், அதற்காக அப்படி. பக்கத்தில் மழைமானி. கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், காற்றின் வேகம் பார்க்க. பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

நன்றியுரை மடலில் உள்ளபடிதான். நன்றாகப் பேசினாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் சரியாகக் காதில் விழவில்லை. நாற்பத்திரண்டு பெண்களைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பார், அப்புறம் தெரியும் உனக்கு.

பாதியையாவது வாங்கிக்கொள் அண்ணா. அதுவே எனக்குப் பெரிசு.

உன் தங்கை

ஜனவரி 28

அன்புள்ள தங்கைக்கு,

லிஃப்ட் பாதி தூரம்தான். மீதி ஏணி. சாப்பாடு இருக்கிறது, ருசியைப் பற்றிக் கேட்காதே.

ஒப்பந்தத்தை மீறிவிட்டேன். உன் பதில் வரும்வரை பொறுக்க முடியாமல் கடுகுக்கே எழுதிக் கேட்டேன். ஒரு வரிதான், ‘நீ நன்றி சொன்னியாமே?’ என்று. அவளுடைய பதிலும் உன்னுடைய பதிலும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்தன. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், அதிக நேரம் ஆகாது.

‘ஆமாம் அப்பா. பலூனுக்குக் காற்று நிரப்புகிறவருக்குச் சொன்னேன். நாலு வாக்கியம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். பலூன் மேலே போய் வெடித்த பிறகு அதில் கட்டிவிட்ட கருவி எங்கே விழும் என்று.’

அவ்வளவுதான். அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை பார், கல்நெஞ்சக்காரி. எனக்கு மண்டை குடைகிறது. எங்கேதான் விழும்? யார் தலையிலாவது விழுந்தால்?

நீ எழுதியதில் வெள்ளைப் பெட்டி இருக்கிறது, பலூன் இல்லை. அவள் எழுதியதில் பலூன் இருக்கிறது, வெள்ளைப் பெட்டி இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போனீர்களா?

ஐந்தாம் பக்கத்தை வெட்டிக் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். லைன் ஃபிட்டர் முதல் மேஸ்திரி வரை எல்லாரும் படித்தாயிற்று. மார்ச்சில் லீவு வருகிறது. வந்ததும் நீயும் நானும் அவளும் அந்த மையத்துக்குப் போகிறோம். பலூன்காரரைப் பார்த்து, என் மகள் பேசியதைக் கேட்டவர் வாயாலேயே கேட்க வேண்டும். உன் வீட்டுக்கும் வருவேன். பாதி இல்லை, முழுதாகவே வாபஸ்.

அண்ணன்

பிப்ரவரி 6

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றியுரை என்று ஒன்று நடக்கவே இல்லை. நாங்கள் மையத்துக்குள்ளேயே போகவில்லை.

எங்கள் மடல் எப்படி வருகிறது என்று உனக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் அச்சகத்துக்குக் காலண்டர் வேலை குவிந்துவிடும். அதனால் மூன்று வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நடக்கப் போவதை நடந்ததாக எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னாலும் அப்படித்தான். போன வருஷம் விளையாட்டு விழாவுக்கு ‘கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல்’ என்று எழுதினேன். அன்று கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடலை யாரும் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிரேன் மேலே ஒருத்தர் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார் என்று யார் கண்டது.

தலைமையாசிரியை ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாணவியின் பெயரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மடலில் வர வேண்டும் என்பது அவர் கட்டளை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் மிச்சம். ஒருத்தியைத் தோட்டக் குழுவில் சேர்த்துவிட்டேன். மற்றவள் நம் கடுகு. அவளையும் தோட்டத்தில் போட்டிருக்கலாம்தான். ஆனால் சுற்றுலாச் செய்தியின் கடைசியில் நன்றியுரைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவள் பெயரை அங்கே எழுதிப் பார்த்தேன், பார்க்க ஆசையாக இருந்தது, விட்டுவிட்டேன். ‘தெளிவான குரலில்’ என்பது என் கண்டுபிடிப்புக்கூட இல்லை. நன்றியுரை என்று எழுதினால் கை தானாக அதையும் சேர்த்து எழுதிவிடும்.

அன்று நடந்தது இதுதான். வழியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சர். போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், காவலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பத்து நிமிஷம் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் ரோட்டோரம் டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் சுற்றுலா. நான் உனக்கு எழுதிய வெள்ளைப் பெட்டி பாடப் புத்தகத்தில் உள்ளது.

போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து வந்த கடிதம், அந்தச் சந்தோஷத்தை எப்படி உடைப்பது என்று தெரியவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

கடுகு உனக்கு எழுதியதைப் படித்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலூன்காரர் என்று ஒருவரை நான் பார்க்கவே இல்லை. மடலைப் பார்த்திருக்கிறாள், நீ ஆசையாகக் கேட்டிருக்கிறாய், உன்னை ஏமாற்ற மனசு வராமல் கதை கட்டியிருக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. எல்லாம் என்னால்தான். தலைமையாசிரியையிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அடுத்த மடலில் திருத்தம் போடச் சொல்லிவிட்டார்.

உன் தங்கை

பிப்ரவரி 14

உன் கடிதம் வந்தது.

கூடத்தில் அன்று நீ செய்ததையே மறுபடியும் செய்திருக்கிறாய். அன்று பத்துப் பேர் முன்னால் நிறுத்தினாய். இப்போது அச்சடித்து ஐந்நூறு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். அன்றாவது தெருவுக்கு ஓடியவள் திரும்பி வந்து என் மடியில் விழுந்து அழுதாள். இப்போது அவளை என்னிடமே பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தேன். பாதி கிழிந்து பாதி அப்படியே இருக்கிறது. கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

திருத்தம் போடாதே. போட்டால் அவள் வகுப்பில் தலை நிமிர முடியாது. தலைமையாசிரியை காலில் வேண்டுமானாலும் விழு. அவளிடம் நீ இதைப் பற்றி எதுவும் கேட்காதே, நானும் கேட்கமாட்டேன். பொய் என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. எனக்காகத்தான் சொன்னாள் என்றால், ‘ஆமாம் அப்பா’ என்பதோடு நிறுத்தியிருக்கலாமே. அந்தப் பலூன் கேள்வி எங்கிருந்து வந்தது? அதைத்தான் மேலே உட்கார்ந்து யோசிக்கிறேன்.

இனி எழுதாதே.

பிப்ரவரி 22

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதித்தான் ஆக வேண்டும், முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளே வந்தாள். நேற்று மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். என் மேஜையில் திருத்தத்தின் நகல் கிடந்தது. தலைமையாசிரியை விடவில்லை, நான் கெஞ்சிப் பார்த்தாயிற்று. நோட்டு அடுக்க வந்த பெண் யாரோ அதைப் பார்த்துவிட்டுப் போய் அவளிடம் சொல்லியிருக்கிறாள். ‘சுற்றுலாவில் நன்றியுரை எதுவும் வழங்கப்படவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.’ கடுகு அதை எடுத்துப் படித்தாள்.

“மிஸ், இதுவும் தப்பு” என்றாள்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். மணி அடிக்கும்வரை சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை நின்றது. நான் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. அவள் அதைக் கவனித்தாள், ஆனாலும் நிறுத்தவில்லை.

நான் டிரைவரோடு கத்திக்கொண்டிருந்தபோது, காவலாளி பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஆறு பெண்களை உள்ளே விட்டிருக்கிறார். அன்று எண்ணிக்கையில் ஆறு பேர் குறைந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கழிப்பறைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து மறுபடி எண்ணினேன், சரியாக இருந்தது. விடியற்காலையில் பலூனுக்குக் காற்று நிரப்புவதும் அவர்தானாம், சாயங்காலம் கேட் பூட்டுவதும் அவர்தானாம். பலூன் கொட்டகையைக் காட்டியிருக்கிறார். கிளம்பும்போது மற்ற ஐந்து பேரும் டாட்டா காட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். இவளுக்கு அது பொறுக்கவில்லை. நின்று நன்றி சொல்லியிருக்கிறாள். நாலு வாக்கியம். அப்போது மடல் அச்சாகிக்கொண்டிருந்தது. அதில் தன் பெயர் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அண்ணா, அவள் உனக்கு எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் சொன்னது நான் ஒருத்திதான். நான் எழுதியதை நீ நம்பினாய், அப்புறம் நான் மறுத்ததையும் நம்பினாய். நானும் அவளைக் கேட்காமலே அவள் கதை கட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

“எப்படிம்மா சொன்னே?” என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. “ரொம்ப நேரம் ஆச்சு. பஸ்ல ஹாரன் அடிச்சிட்டே இருந்தாங்க. அவர் சாவியைக் கையில வச்சிட்டு சும்மா நின்னாரு. அவசரப்படுத்தலை” என்றாள். அதற்கு மேல் சொன்னதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டால் அது இன்னொரு பொய். “அப்பாவா இருந்தா முதல் எழுத்துலயே மீதியைச் சொல்லி முடிச்சிருப்பாரு.”

உன் கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டேன். கருவி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாதாம். அதில் ஒரு அட்டை கட்டியிருக்குமாம், கண்டெடுத்தவர்கள் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லி. பதினோரு வருஷத்தில் மூன்று வந்திருக்கிறதாம்.

திருத்தத்தை அவளே பேனாவால் அடித்து, கீழே எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மடலில் இதுதான் வருகிறது:

‘சென்ற மடலில், நன்றியுரை தெளிவான குரலில் வழங்கப்பட்டதாக வந்த செய்தி தவறு. மாணவி திக்கித் திக்கி, நாலு வாக்கியம், முழுவதும் சொன்னார். கேட்டவர் மையத்தின் காவலாளி.’

“திக்கித் திக்கின்னு போடணுமாம்மா?” என்று கேட்டேன். “தெளிவான குரல்னு போட்டா அது வேற யாரோ, மிஸ்” என்றாள்.

உன் தங்கை

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

லீவு முடிந்து நேற்றுத்தான் கூண்டில் ஏறினேன். ஊரில் இருந்தபோது உன் வீட்டுக்கு வரவில்லை. கோபத்தினால் இல்லை. உன் முன்னால் நின்று பேசும் நிலையில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் என் கைக்கு வந்த வியாழக்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை, நான் கடுகுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். கேட்கமாட்டேன் என்று உன்னிடம் சவடால் அடித்தவன்தான். கேட்கவில்லை, மன்னித்தேன். ‘அப்பாவுக்காகக் கதையெல்லாம் எழுத வேண்டாம் கடுகு. நீ பேசினாலும் பேசாவிட்டாலும் என் செல்லம்தான்’ என்று ஒன்றரைப் பக்கம், படு உருக்கமாக. உறையை ஒட்டி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். இந்த மாதிரி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பான் என்றெல்லாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் லீவை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவள் என் கடிதத்தைப் படித்து நாலு நாள் ஆகியிருந்தது. உன் அண்ணி கதவைத் திறந்தாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, கண்ணாலேயே உள் அறையைக் காட்டினாள்.

கடுகு மேஜையில் வரைபடத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். என் கடிதம் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் இருந்தது. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவ்வளவு உயரம் எப்போது வளர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

“அப்பா, நீங்க என்னை...” என்றாள். அங்கேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். இவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி நிற்கும் இடத்திலெல்லாம் நான்தான் வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“...நம்பலை” என்றாள்.

நானே எடுத்துக் கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பிறகு இன்னும் நிறையச் சொன்னாள். பஸ்ஸில் ஹாரன் அடித்ததைச் சொன்னாள். காவலாளிக்கு மூன்று மகள்கள் என்று சொன்னாள். நான் எழுதிய உருக்கமான வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது ஏன் தப்பு என்று சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “இப்ப நீங்க சொல்லுங்க” என்றாள்.

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். அவளுக்கு அது என்ன வார்த்தை என்று நிச்சயம் தெரிந்திருக்கும். எடுத்துக் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

அண்ணன்